எதற்காக இந்த ஊழியம்? யாழ்ப்பாணம், அன்றும் இன்றும்

1855ஆம் ஆண்டு வட்டுக்கோட்டைச் செமினரியை அமெரிக்கன் மிசன் மூடியது. படிக்கப் பிள்ளைகள் வராமல் போனதால் அல்ல, வர விரும்பியவர்கள் நிறையவே இருந்தார்கள். தரம் குறைந்துபோனதாலும் அல்ல. 1823இல் தொடங்கிய அந்தக் கல்விக்கூடத்தை, கொழும்பில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டு மெச்சியிருந்தார். ஆனால் போஸ்ரன் நகரத் தலைமைச் சபையிலிருந்து வந்த ரூபஸ் அண்டர்சன் வேறொன்றைக் கேட்டார். இங்கே வருகிற பையன்கள் எதற்காக வருகிறார்கள்? சுவிசேஷத்துக்காகவா, ஆங்கிலம் படித்துக் கச்சேரியில் உத்தியோகம் பார்ப்பதற்காகவா? ஊர் அறிந்த விடையை மிசனும் ஒப்புக்கொண்டது. கதவு சாத்தப்பட்டது.

அந்த முடிவு சரியா பிழையா என்று இன்றும் வாதிடலாம். செமினரியில் படித்த கறோல் விசுவநாதபிள்ளையும் அவருடைய மாணவர் சி. வை. தாமோதரம்பிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் ஆனார்கள். தாமோதரம்பிள்ளை பின்னர் சைவராக வாழ்ந்து, கலித்தொகையையும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். மிசன் எண்ணிப் பார்க்காத விளைச்சல் அது. கல்வியை மூடியதால் நட்டப்பட்டது ஊர்தான் என்று சொல்பவர்களிடம் நியாயம் இருக்கிறது. என்றாலும் அந்த நிகழ்ச்சியில் ஒன்றை நாம் மறக்கக்கூடாது. தங்கள் கையால் கட்டிய, தங்களுக்குப் புகழ் தந்த ஒன்றைப் பார்த்து, இது எந்த நோக்கத்துக்காக நடக்கிறது என்று ஊழியக்காரர்களே கேட்டார்கள். விடை பிடிக்காவிட்டாலும் அதை எழுதி வைத்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் கிறிஸ்தவ ஊழியம் அன்று பொன்னாக இருந்தது, இன்று பித்தளையாகிவிட்டது என்று சொல்ல நான் வரவில்லை. அன்றும் நோக்கம் கலங்கியே இருந்தது. இன்றும் கண் கலங்க வைக்கும் உண்மையான ஊழியர் இருக்கிறார்கள். மாறியிருப்பது, கேட்கும் பழக்கம். அன்று கேட்டார்கள். இன்று கேட்பார் குறைந்துவிட்டார்கள்.

ஒல்லாந்தர் காலத்து இரண்டு வழிகள்

இந்தக் கேள்வியின் வேர் 17ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு வந்தது. போர்த்துக்கேயர் கட்டிய கோவில்கள் சீர்திருத்த சபைக் கோவில்கள் ஆயின. பிலிப்பஸ் பால்டேயஸ் போன்ற போதகர்கள் ஒல்லாந்தக் கும்பனிச் சம்பளத்தில் இங்கே இருந்து ஊர் ஊராகப் பள்ளிகளைக் கவனித்தார்கள். ஞானஸ்நானம் பெறாதவருக்கு அரசாங்கப் பதவி இல்லை. கலியாணம் செல்லுபடியாக வேண்டுமானாலும் கோவில் பதிவு வேண்டும். அதனால் பெயர் கொடுத்தவர்கள் ஆயிரமாயிரம். வீட்டுக்குள்ளே திருநீறு, வெளியே வேதம் என்று வாழ்ந்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் வந்து கட்டாயம் தளர்ந்ததும் அந்தப் பெருங்கூட்டம் இருந்த இடம் தெரியாமல் கரைந்தது. பெயரேட்டில் இருந்தவர்களை விசுவாசிகள் என்று எண்ணியதன் பலன் அது.

அதே ஒல்லாந்தர் ஆட்சியில், 1687இல், கோவாவிலிருந்து ஒரு கத்தோலிக்கக் குரு கூலியாள் வேடத்தில் கரை இறங்கினார். யோசப் வாஸ் அவர். கத்தோலிக்கக் குருமாருக்கு இங்கே அப்போது தடை. பிடிபட்டால் சிறை. நோயோடும் பசியோடும் யாழ்ப்பாணம் வந்தவர், கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அதைக் கண்டு முகம் மாறுகிறவர்களில் யார் கத்தோலிக்கர் என்று அறிந்துகொண்டார். சில்லாலையில் மறைந்திருந்து, இரவில் பூசை வைத்து, பிறகு கண்டிக்குப் போனார். அங்கே போர்த்துக்கேய உளவாளி என்று சிறைப்பட்டார். 1697இல் கண்டியில் அம்மை பரவி, சொந்த உறவுகளே நோயாளிகளைக் காட்டில் விட்டு ஓடியபோது, தூக்கிவந்து கழுவி மருந்திட்டவர் அவர். 1711இல் அங்கேயே இறந்தார். 2015 சனவரியில் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

ஒரு பக்கம் அரசாங்க அதிகாரம், சம்பளம், பதவி ஆசை. மறுபக்கம் பிச்சைப் பாத்திரம். அதிகாரத்தோடு வந்தது அதிகாரத்தோடு போனது. சில்லாலை இன்றும் கத்தோலிக்க ஊர்.

வந்தவர்கள், போகாதவர்கள்

1816இல் அமெரிக்க மிசனரிமார் வந்தபோது கையில் அதிகாரம் இருக்கவில்லை. கூரை இல்லாத பழைய போர்த்துக்கேயக் கோவில்களைத் திருத்திக் குடியிருந்தார்கள். தெல்லிப்பழையில் டானியல் பூவர், வட்டுக்கோட்டையில் மெய்க்ஸ், றிச்சாட்ஸ். பிறகு உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய். முதலில் வந்த வாறன் 1818இல் இறந்தார். பூவரின் மனைவி சூசன் 1821இல், றிச்சாட்ஸ் 1822இல், உடுவில் பெண்கள் பள்ளியை 1824இல் தொடங்கிய ஹரியற் வின்சுலோ 1833இல். பூவர் 1848இல் அமெரிக்கா போனார். வயதாகிவிட்டது, அங்கேயே இருந்திருக்கலாம். திரும்பி வந்தார். 1855இல் மானிப்பாயில் வாந்திபேதி கண்டு இறந்தார். 1820இல் வந்த லீவை ஸ்போல்டிங் 1873இல் சாகும்வரை 53 வருடம் இங்கேதான்.

எலைசா அக்னியூ என்ற பெண்மணியைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். 1840இல் உடுவிலுக்கு வந்தபோது அவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. மணமாகாதவர். பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று ஊர் கேட்ட காலம். 1879 வரை உடுவில் பள்ளியில் படிப்பித்தார். தாய் படித்தாள், மகள் படித்தாள், பேத்தியும் அதே வகுப்பில் அதே ஆசிரியையிடம் படித்தாள். ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகள். விடுமுறை வந்தால் பழைய மாணவிகளின் வீடுகளைத் தேடிப் போவார். திண்ணையில் உட்கார்ந்து, பிள்ளை பெற்றவளையும் கணவனை இழந்தவளையும் விசாரித்து வருவார். நாற்பத்துமூன்று வருடத்தில் ஒருமுறைகூடச் சொந்த நாட்டுக்குப் போகவில்லை. 1883இல் இங்கேயே கண்ணை மூடினார். ஆயிரம் பெண்மக்களின் தாய் என்று அவரைச் சொன்னார்கள்.

மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் வந்தவர், அடுத்த வருடம் மானிப்பாயில் மருத்துவ வேலையைத் தொடங்கினார். நோயாளியைப் பார்த்ததோடு நிற்காமல் ஊர்ப் பையன்களுக்கு வைத்தியம் படிப்பித்தார். முதலில் ஆங்கிலத்தில். படித்து முடித்தவர்கள் நல்ல சம்பளத்துக்கு அரசாங்க உத்தியோகம் தேடிப் போய்விட்டார்கள். செமினரியில் எழுந்த அதே சிக்கல். கிறீன் பள்ளியை மூடவில்லை. 1864 தொடக்கம் படிப்பைத் தமிழுக்கு மாற்றினார். தமிழில் படித்தவன் ஊரில் இருப்பான், ஊருக்கு வைத்தியம் செய்வான் என்பது அவருடைய கணக்கு. புத்தகம் இல்லை. எழுதினார், மொழிபெயர்த்தார், படித்த மாணவர்களையும் எழுத வைத்தார். உடற்கூற்றியல், இரணவைத்தியம், பிள்ளைப்பேறு, இரசாயனம் என்று நாலாயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள். அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்கள் அவரிடம் உருவானார்கள். வேட்டி சால்வையை விடு, வெள்ளைக்காரனைப் போல் உடுத்து என்று அவர் கேட்கவில்லை. தமிழன் தமிழனாகவே இருந்து கிறிஸ்துவைப் பின்பற்ற வேண்டும் என்று விரும்பினார். 1873இல் உடல்நலம் குன்றித் தாய்நாடு போன பிறகும் 1884இல் இறக்கும்வரை தமிழ் மருத்துவ நூல்களைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்பதையே தன் கல்லறையில் பொறிக்கச் சொன்னார்.

நோக்கம் சுத்தமா என்று கண்டுபிடிக்க நெஞ்சைத் திறந்து பார்க்க முடியாது. ஆனால் ஒருவர் தன் வேலையின் பயனை எந்தப் பக்கம் திருப்பிவிடுகிறார் என்பதைப் பார்க்கலாம். கிறீன் அதை ஊர்ப்பக்கம் திருப்பினார்.

பிடியரிசி போட்ட கைகள்

வெள்ளைக்காரரின் கதை எழுதப்பட்டிருக்கிறது. அவர்களோடு நடந்த நம்மவர் கதை அவ்வளவு எழுதப்படவில்லை. கேப்ரியல் திசேரா, நத்தானியேல் நைல்ஸ் போன்ற முதல் தமிழ்ப் பிரசங்கிகள், ஊர்தோறும் இருந்த உபதேசிமார், வளவு வளவாகப் போய்ப் பெண்களுக்கு வாசித்துக் காட்டிய வேதாகமப் பெண்கள் ஆகியோர் இல்லையென்றால் மிசன் வீடு வெறும் வீடுதான். கச்சேரிக்கோ மலாயாவுக்கோ போயிருந்தால் பல மடங்கு சம்பளம் வாங்கியிருக்கக்கூடிய படிப்பாளிகள், மிசன் தந்த சிறு சம்பளத்தில் பள்ளிக்கூட ஆசிரியராகவும் உபதேசியாராகவும் நின்றார்கள்.

அவர்களைத் தாங்கியது அமெரிக்கப் பணம் மட்டும் அல்ல. உலை வைக்கும்போது அரிசி அளந்த பிறகு, வீட்டுக்காரி அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பிடி போடுகிறவர்களும் உண்டு. மாத முடிவில் அந்தப் பானை கோவிலுக்குப் போகும். அதுதான் பிடியரிசி. தோட்டத்தில் ஒரு தென்னையை, ஒரு பனையைக் கடவுளுக்கென்று விட்டவர்களும் இருந்தார்கள். அந்த மரத்துக் காய் விற்ற காசு வீட்டுச் செலவில் சேராது. உள்ளூர்க் கிறிஸ்தவர்கள் தாங்களாகச் சுவிசேஷ சங்கம் அமைத்துத் தீவுப்பகுதிகளுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். 1900இல் யாழ்ப்பாணத்து மாணவர்கள் மிசன் சங்கம் ஒன்றைத் தொடங்கி, கடல் கடந்து தமிழ்நாட்டுத் தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்பித் தாங்கினார்கள். வாங்கிய கை கொடுக்கப் பழகியது.

இதில் கவனிக்க வேண்டியது, காசின் பாதை. பிடியரிசி போட்டவளுக்கு அது எந்த உபதேசியாரின் சோறு என்று தெரியும். உபதேசியாருக்கு அது யார் வீட்டு அரிசி என்று தெரியும். ஒருவரையொருவர் ஏமாற்ற இடமே இல்லை.

அன்றும் இருந்த கறைகள்

அன்றைய குறைகளை மூடி மறைத்தால் இந்த ஒப்பீட்டுக்கு அர்த்தம் இல்லை. விடுதிப் பிள்ளைகளுக்கு அமெரிக்க உபகாரிகளின் பெயர்களை வைத்தார்கள். ஒருவர் பணம் அனுப்பினால் அவர் பெயரை ஒரு யாழ்ப்பாணத்துப் பையன் சுமப்பான். கொடுப்பவரின் பெருமைக்குப் பிள்ளையின் பெயர் விலையாயிற்று. மிசன் பள்ளியில் ஆசிரியர் வேலை வேண்டும் என்பதற்காகவே ஞானஸ்நானம் பெற்றவர்கள் இருந்தார்கள். வேலை கிடைத்ததும் பழையபடி திரும்பியவர்களும் இருந்தார்கள். பீற்றர் பேர்சிவலோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், மிசன் பள்ளிகளுக்கு எதிராக 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கல்வியைக் காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்ற அவருடைய குற்றச்சாட்டில் உண்மையும் இருந்தது.

சாதி அதைவிடப் பெரிய கறை. கிறிஸ்துவில் எல்லாரும் ஒன்று என்று பிரசங்கித்த கோவில்களிலேயே தாழ்த்தப்பட்ட மக்கள் தள்ளி இருத்தப்பட்டார்கள். விடுதியில் சமபந்தி என்றதும் பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மேட்டுச் சாதியார் விலகிவிடுவார்கள் என்ற பயத்தில் ஊழியக்காரர் வாய்மூடி இருந்த இடங்கள் உண்டு. எதிர்த்து நின்றவர்களும் உண்டு. 1924இல் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசை முன்னின்று நடத்திய ஹன்டி பேரின்பநாயகம் போன்றவர்கள் கிறிஸ்தவக் கல்விக்கூடங்களிலிருந்துதான் வந்தார்கள். சாதியை வெளிப்படையாக எதிர்த்தார்கள். இன்றைக்குச் சபைக்குள் சாதி முற்றாகப் போய்விட்டது என்று மனச்சாட்சி உள்ள எவரும் சொல்லமாட்டார்.

அதிகாரம் போனது, பாரம் வந்தது

20ஆம் நூற்றாண்டில் ஊழியம் நம்மவர் கைக்கு வந்தது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது யாழ்ப்பாண ஆதீனத்தின் முதல் பேராயராக சபாபதி குலேந்திரன் பொறுப்பேற்றார். தெல்லிப்பழையில் பிறந்த டி. தி. நைல்ஸ் 1948இல் ஆம்ஸ்ரடாமில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் தொடக்க ஆராதனையில் பிரசங்கித்தார். உலகம் அழைத்த அந்த மனிதர் யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்த போதகராகவும் மத்திய கல்லூரி அதிபராகவும் வேலை செய்தார். கத்தோலிக்கப் பக்கத்தில் புகையிரதப் பகுதி உத்தியோகத்தை விட்டுக் குருவான நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர், ஏழை ஊர்களில் சபை கட்டியதோடு தமிழ்ச் சொற்களின் வேர்களைத் தேடி உழைத்தார். 1928இல் தோமஸ் அடிகள் தோலகட்டியில் செபமாலைத் தாசர் சபையை நிறுவினார். செபம், மௌனம், கைத்தொழில் என்று அவர்கள் வாழ்ந்தார்கள். தோலகட்டி நெல்லிரசம் தெரியாத யாழ்ப்பாணத்தார் இல்லை. 1939இல் சேவக் செல்வரத்தினம் மருதனார்மடத்தில் கிறிஸ்து சேவா ஆச்சிரமத்தைத் தொடங்கினார். தமிழ் மண்ணுக்கேற்ற எளிய வாழ்க்கையே அங்கே ஊழியம்.

1960இல் அரசாங்கம் உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. யாழ்ப்பாணக் கல்லூரி, உடுவில் மகளிர் கல்லூரி, பரி. யோவான் கல்லூரி போன்ற சில தனித்து நின்றன. மிச்சமெல்லாம் போயின. அன்றைக்குத் திருச்சபை அதைப் பேரிழப்பு என்று புலம்பியது. இழப்புத்தான். ஆனால் ஒரு நன்மையும் விளைந்தது. வேலை கொடுக்கும் அதிகாரம் ஊழியக்காரர் கையைவிட்டுப் போயிற்று. ஆசிரியர் வேலைக்காகச் சபைக்கு வர இனி அவசியம் இல்லை. வந்தவர் வேறு எதற்காகவோ வந்தார்.

பிறகு யுத்தம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிவதைப் பத்திரிசியார் கல்லூரி வளவிலிருந்து பார்த்த தமிழறிஞர் தாவீது அடிகள் அந்த அதிர்ச்சியில் உயிர்விட்டார். 1995 யூலை 9ஆம் திகதி நவாலி சென்பீற்றர்ஸ் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள்மீது குண்டுகள் விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதே வருடம் ஒக்டோபர் 30 இரவு குடாநாடே இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, சுவாமிமாரும் போதகர்களும் கன்னியாஸ்திரிகளும் அந்தச் சனத்தோடு மழையில் நடந்தார்கள். 2006 ஓகஸ்ட் 20ஆம் திகதி அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகள், அங்குள்ள கடற்படைச் சோதனைச் சாவடியைக் கடந்தபின் காணாமல் போனார். அதற்குச் சில நாட்களுக்கு முன்தான் குண்டு விழுந்த தன் கோவிலில் காயப்பட்டவர்களைத் தூக்கி ஏற்றியிருந்தார். 2009 மே 18ஆம் திகதி, பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் யோசப் அடிகள் சரணடைந்தவர்களோடு வட்டுவாகலில் காணாமல் போனார். இன்றுவரை தகவல் இல்லை.

இவர்களில் பலருக்கு வெளிநாட்டில் உறவும் அழைப்பும் இருந்தன. விமானச் சீட்டு எடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சனம் இருக்கிற இடத்தில் இருந்தார்கள். நோக்கத்தைப் பற்றி அதற்குமேல் எந்தச் சாட்சியும் தேவையில்லை.

இன்றைய களம்

யுத்தம் முடிந்து ஏ-9 வீதி திறந்தபோது மூன்று வந்தன: நிவாரணம், வெளிநாட்டுக் காசு, கமெரா. மூன்றும் தேவையானவைதான். ஆனால் மூன்றும் சேர்ந்து ஊழியத்தின் தோற்றத்தை மாற்றிவிட்டன.

ஒரு உலருணவுப் பொதி கொடுக்கும் காட்சியைப் பாருங்கள். ஒரு பொதி, அதைப் பிடித்திருக்கிற ஐந்தாறு கைகள், எல்லா முகங்களும் கமெராவைப் பார்த்தபடி. பின்னால் பதாகை. வாங்குகிற அம்மா மட்டும் நிலத்தைப் பார்க்கிறாள். படம் சரியாக விழவில்லை என்று இன்னொருமுறை வாங்கச் சொல்கிறார்கள். கையை மறுபடி நீட்டுகிறாள். அரை மணி நேரத்தில் படம் முகநூலில். அந்த அம்மாவின் பேரப்பிள்ளையின் பள்ளித் தோழர்களும் அதைப் பார்க்கிறார்கள். அனுப்பியவருக்குக் கணக்குக் காட்டத்தான் படம் என்கிறார்கள். கணக்குக்குப் பற்றுச்சீட்டு போதும். ஏழையின் முகம் எதற்கு? வலக்கை கொடுப்பதை இடக்கை அறியவேண்டாம் என்ற ஆண்டவரின் பெயரிலேயே இது நடக்கிறது.

புதிய சுயாதீன சபைகள் வடமராட்சி கிழக்கு, தென்மராட்சி தொடக்கம் வன்னிவரை தகரக் கொட்டகைகளில் பெருகியிருக்கின்றன. இவர்களை ஒரே கயிற்றில் கட்டிப் பழிக்கக்கூடாது. பழைய சபைகளின் கார் போகாத குச்சொழுங்கைகளுக்குச் சைக்கிளில் போனவர்கள் இவர்களில் பலர். குடியில் கிடந்தவனை எழுப்பி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள், ஒதுக்கப்பட்ட சாதியாரைப் பக்கத்தில் இருத்திப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் இவர்கள். பழைய சபைகள் செய்யாமல் விட்டதை இவர்கள் செய்தார்கள் என்பதை ஏற்கத்தான் வேண்டும்.

அதேவேளை, சபைக் காணியின் உறுதி போதகரின் சொந்தப் பெயரில் இருக்கிற இடங்கள் உண்டு. தசமபாகம் எவ்வளவு வந்தது, எங்கே போனது என்று தெரிந்தவர் அவரும் அவர் மனைவியுமாக இருக்கிற இடங்கள் உண்டு. வெளிநாட்டு உபகாரிக்கு அனுப்ப ஆள் எண்ணிக்கை வேண்டும் என்பதற்காகத் தகரமும் சைக்கிளும் காட்டி ஞானஸ்நானத்துக்கு அவசரப்படுத்துகிறார்கள் என்று சைவ அயலவர் குறை சொல்லும்போது, எல்லாம் பொய் என்று நாம் தள்ளிவிட முடியாது. கணவனை இழந்தவளிடம் உதவியை ஒரு கையிலும் மதமாற்றத்தை மறுகையிலும் நீட்டுவது ஒல்லாந்தர் செய்ததன் தொடர்ச்சிதான். அன்று பதவி, இன்று தகரம். அன்று கரைந்தது போல இதுவும் கரையும். கரையும்போது அயலவரின் நம்பிக்கையையும் கொண்டுபோகும்.

பழைய சபைகளும் தப்பியவை அல்ல. அங்கே வேறு நோய். பதவிப் போட்டி, தேர்தல், வழக்கு. இருநூறு வருடப் பாரம்பரியமுள்ள அமெரிக்க மிசன் வழிவந்த சபை, பேராயர் தேர்வையொட்டி இரண்டாகப் பிரிந்ததைக் கண்டோம். கோபுரத்துக்கும் ஜுபிலி மண்டபத்துக்கும் புலம்பெயர்ந்த உறவுகள் தாராளமாகக் காசு அனுப்புகிறார்கள். உபதேசியாரின் சம்பளத்தை உயர்த்தக் கேட்டால் பதில் வராது. கல்வெட்டில் பெயர் வரும், உபதேசியாரின் சோற்றில் பெயர் வராது.

இவ்வளவுக்கும் நடுவில் ஊழியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இன்றைய பெரிய வறுமை, தனிமை. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும். பெரிய வீடு, பூட்டிய அறைகள், முன்கூடத்தில் ஒரு வயோதிபத் தாய். அவளிடம் வாரம் ஒருமுறை போகும் ஒரு கன்னியாஸ்திரியை எண்ணிப் பாருங்கள். படலையைத் திறந்து, அம்மா எப்படி இருக்கிறியள் என்று கேட்டபடி உள்ளே வருவார். ஒரு சங்கீதம் வாசிப்பார். பிறகு போதனா வைத்தியசாலைக் கிளினிக் கொப்பியை எடுத்து அடுத்த திகதியைப் பார்ப்பார். மாத்திரைகளைக் காலை, மத்தியானம், இரவு என்று பிரித்துச் சிறு பைகளில் போட்டு, எழுத்து வாசிக்கத் தெரியாத கண்ணுக்குப் புரியும்படி ஒவ்வொரு பைக்கும் வெவ்வேறு நிற நூல் கட்டுவார். படம் எடுப்பதில்லை. அறிக்கை எழுதுவதில்லை. காணாமல் போன மகனின் படத்தைக் காட்டி அந்தத் தாய் நூறாவது தடவை சொல்லும் கதையை முதல்தடவை கேட்பதுபோல் கேட்பார். இப்படிச் செய்பவர்கள் கத்தோலிக்கத்திலும் இருக்கிறார்கள், தென்னிந்தியத் திருச்சபையிலும் மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபைகளிலும் இருக்கிறார்கள், தகரக் கொட்டகைச் சபைகளிலும் இருக்கிறார்கள். போதைப்பொருளில் விழுந்த பையனை நீதிமன்ற வாசலில் காத்திருந்து கூட்டிவருகிறவர்களும் இவர்களே. இவர்களுக்கு யூரியூப் பக்கம் இல்லை.

கேளுங்கள்

ஆகவே அன்றையும் இன்றையும் ஒப்பிட்டு நான் கண்ட முடிவு இதுதான். மனித நெஞ்சு இருநூறு வருடத்தில் மாறவில்லை. அன்றைய மிசனரியிடமும் பெருமை இருந்தது, இன்றைய போதகரிடமும் அர்ப்பணம் இருக்கிறது. அன்று ஊழியர் மாதந்தோறும் கூடித் தங்கள் வேலையைத் தாங்களே விசாரித்தார்கள், போஸ்ரனுக்குக் கடிதம் எழுதினார்கள், குறை கண்டவர்கள் வந்து நேரில் கேட்டார்கள். உள்ளூரில் பிடியரிசி போட்டவளின் கண் அவர்கள்மேல் இருந்தது. இன்று காசு கடலுக்கு அப்பாலிருந்து ஒருவரின் வங்கிக் கணக்குக்கு நேரே வருகிறது. கொடுப்பவருக்கு ஊர் தெரியாது, ஊருக்குக் கொடுப்பவர் தெரியாது. நடுவில் இருப்பவரை யாரும் கேட்பதில்லை. நல்ல மனிதனையும் கெடுக்கக்கூடிய ஏற்பாடு இது.

கேள்வி கேட்டால் அபிஷேகத்தை அவமதித்ததாகும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த காசைக் கொண்டுபோகும்போது, யாரும் குறை சொல்லாதபடி சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களைப் பவுல் தன்னோடு சேர்த்துக்கொண்டார். அப்போஸ்தலருக்கே அது தேவைப்பட்டது.

புலம்பெயர்ந்த உறவுகளே, கட்டடத்துக்குக் கொடுப்பதில் பாதியை உபதேசியாரின் சம்பளத்துக்கும் தனித்த முதியோரைப் பார்க்கப் போகிறவரின் பஸ் காசுக்கும் கொடுங்கள். தனி ஆளின் கணக்குக்கு அனுப்பாமல் கணக்காய்வு செய்யும் சபைக் குழுவுக்கு அனுப்புங்கள். ஏழையின் படத்தைக் கேட்காதீர்கள், பற்றுச்சீட்டைக் கேளுங்கள். சபை மக்களே, வருடக் கணக்கை ஆலயக் கதவில் ஒட்டச் சொல்லுங்கள். காணி உறுதி யார் பெயரில் என்று கேளுங்கள். உங்கள் கோவிலில் இன்னும் யார் பின்னால் இருத்தப்படுகிறார்கள் என்று பாருங்கள். உண்மையாக உழைக்கிற போதகரும் சுவாமியாரும் கன்னியாஸ்திரியும் பசி கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊழியக்காரரே, உதவியை உதவியாகக் கொடுங்கள், விசுவாசத்தை அதற்கு விலையாகக் கேட்காதீர்கள். எதற்காக இந்த ஊழியம் என்று உங்கள் சனம் கேட்கும்போது கோபப்படாமல், கணக்குப் புத்தகத்தைத் திறந்து விடை சொல்லுங்கள்.